தலைக்கும் ஆகாத பூ! சாமிக்கும் ஆகாத பூ!

ஒரு வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது.

மருமகள் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்டி நிறையப் பூ. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கிறது.

"ஏம்மா, இத்தனை பூ பூக்கிறதே, நாலு பறித்துத் தலையில் வைக்கக்கூடாதா?"

"வைத்தால் கொஞ்ச நேரத்தில் சுருங்கிப் போகும் அத்தை."

"சாமி படத்துக்கு?"

"மத்தியானத்துக்குள் வாடிவிடும் அத்தை."

"வாசனையாவது உண்டா?"

"இல்லை அத்தை."

"அப்புறம் எதற்கு இதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாய்? லாரித் தண்ணீர் என்ன விலை தெரியுமா?"

மருமகள் பதில் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. மருமகள் சொல்லாத அந்தப் பதிலை நான் சொல்கிறேன்.

என்ன பூ இது?

அந்தப் பூவுக்குப் "பத்து மணிப் பூ" என்று பெயர். பட்டு ரோஜா என்றும் சொல்வார்கள். செடி விற்கிறவர்கள் "டேபிள் ரோஸ்" என்பார்கள். மேசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரோஜாவுக்கும் இதற்கும் உறவு இல்லை. இதழ் அடுக்கடுக்காக இருப்பதால் யாரோ ரோஜா என்று சொல்லிவிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

"பத்து மணி" என்பதுதான் பொருத்தமான பெயர். காலையில் வெயில் ஏறியதும் மலரும். பிற்பகல் ஆனதும் மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். மறுநாள் வேறு மொட்டு மலரும். மலையாளத்திலும் இதற்குப் பத்துமணிச் செடி என்றுதான் பெயர். வங்காளத்தில் "டைம் பூ" என்கிறார்கள். வியட்நாம் நாட்டிலும் "பத்து மணிப் பூ" என்றே சொல்கிறார்கள்! ஒரு தேசத்துக்காரர் மற்றொரு தேசத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு வைத்த பெயர் அல்ல. எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்கள். பெயர் வைத்துவிட்டார்கள்.

மேகம் மூடிய நாளில் இந்தப் பூ சரியாக மலராது. பாதி விரிந்து நின்றுவிடும். "செடிக்கு என்னவோ வியாதி" என்று பயப்பட வேண்டாம். அதற்கு வெளிச்சமும் சூடும் வேண்டும். அவ்வளவுதான்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, பிரேசிலின் தென் பகுதி, உருகுவே ஆகிய இடங்களில் தானாக முளைத்துக் கிடக்கும். அர்ஜென்டினாவில் மெண்டோசா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆண்டிஸ் மலை அடிவாரத்தில் இருக்கும் வறண்ட சீமை. அங்கே கில்லீஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வசித்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக, செடி கொடிகளைச் சேகரித்து பிரிட்டனுக்கு அனுப்புவது அவருடைய வழக்கம். அப்படி அவர் கண்டதுதான் இந்தச் செடி. 1829-ல் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திரி இதற்கு "போர்ச்சுலாக்கா கிராண்டிஃப்ளோரா" என்று பெயர் சூட்டினார். "பெரிய பூப் பூக்கும் போர்ச்சுலாக்கா" என்று அர்த்தம்.

அப்படியானால் சிறிய பூப் பூக்கும் போர்ச்சுலாக்கா ஒன்று இருக்கவேண்டும் அல்லவா? இருக்கிறது. அதை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் பருப்புக் கீரை! வயல் வரப்பிலும் கொல்லையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து, சின்ன மஞ்சள் பூப் பூக்குமே, அதேதான். சீமையிலிருந்து வந்த இந்தப் பூவுக்கு நம் கொல்லையிலேயே சொந்தக்காரர் உண்டு. மாமியார் அம்மாள் இதை அறிந்தால் கொஞ்சம் மனம் இளகுவார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. கீரைக்கு உறவு என்பதற்காகப் பூச்செடியைப் பறித்துக் கூட்டு வைத்துவிடாதீர்கள். கடையில் வாங்கிய செடியில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ! கீரை வேண்டுமானால் கீரையையே வாங்குங்கள்.

இரவில் மூச்சு வாங்கும் செடி

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். வழக்கே அதில்தான் இருக்கிறது.

எல்லாச் செடிகளுக்கும் இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு வாய்கள் உண்டு. பகலில் அவற்றைத் திறந்துதான் செடி காற்றை எடுத்துக்கொள்ளும். வாய் திறந்தால் காற்று உள்ளே வரும். கூடவே ஈரம் வெளியே போய்விடும். சித்திரை வெயிலில் செடி வாடுவது இதனால்தான்.

இந்தச் செடிக் குடும்பம் ஒரு தந்திரம் கற்றிருக்கிறது. தண்ணீர் குறைந்தால், பகலில் வாயை மூடிக்கொள்கிறது. இரவு குளிர்ந்த பிறகு திறந்து காற்றை எடுக்கிறது. எடுத்ததைப் புளிப்பாக மாற்றி இலையிலேயே சேர்த்து வைக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும் அதை வைத்துச் சமையலை முடித்துக்கொள்கிறது! மழையில்லாத நாளில் பருப்புக் கீரையை விடியற்காலையில் பறித்தால் புளிப்பு அதிகம். மாலையில் பறித்தால் குறைவு. ராத்திரி சேர்த்த புளிப்பு பகலில் செலவாகிவிடுவதுதான் காரணம்.

இது மட்டுமல்ல. கரும்பும் சோளமும் கேழ்வரகும் சுள்ளென்ற வெயிலில் வேகமாக வளர்வதற்கு ஒரு தனி முறை வைத்திருக்கின்றன. அந்த முறையும் இந்தக் குடும்பத்துக்குத் தெரியும். வெயிலுக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று. இரண்டு வித்தையும் ஒரே செடியில்! பருப்புக் கீரையில் இந்த இரண்டும் ஒரே இலை அறைக்குள் சேர்ந்தே நடக்கின்றன என்று அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2022-ல் கண்டு சொன்னார்கள். அதுவரை அப்படி நடக்கும் என்று பலர் நம்பவில்லை. களை என்று நாம் பிடுங்கி எறிவதை அவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே, அம்மா, இந்தச் செடிக்கு நீங்கள் பயப்படுகிற அளவு தண்ணீர் வேண்டியதே இல்லை. கோடையில் ஒரு தொட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சொம்பு போதும். அரிசி களைந்த கழனியே போதும் என்றுகூடச் சொல்வேன். மருமகள் தினமும் ஊற்றுகிறாளே, அதுதான் தப்பு! இந்த வழக்கில் இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

சித்திரையை நினைத்துச் செடி வாங்குங்கள்

நாம் எப்போது செடி வாங்குகிறோம்? மழை ஓய்ந்து, கார்த்திகை மார்கழியில் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும்போது வாங்குகிறோம். ரோஜா வாங்குகிறோம். பெயர் தெரியாத சீமைச் செடிகள் வாங்குகிறோம். பங்குனி வந்ததும் பாதி போய்விடுகிறது. சித்திரையில் மிச்சமும் போய்விடுகிறது. வைகாசியில் காலித் தொட்டிகளை மாடியில் கவிழ்த்து வைக்கிறோம். வருஷா வருஷம் இதே கதை.

2019-ம் வருஷக் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரியும் வறண்டு போயின. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். ஜனங்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது ரோஜாவுக்கு யார் ஊற்றுவார்கள்? ஊற்றினால்தான் அக்கம் பக்கத்தார் சும்மா விடுவார்களா?

நல்ல மாதத்தை நினைத்துச் செடி வாங்கக் கூடாது. கெட்ட மாதத்தை நினைத்து வாங்க வேண்டும். இது என் அபிப்பிராயம். மற்றச் செடிகள் தலை தொங்கும் மாதத்தில்தான் பத்து மணிப் பூவுக்குக் கொண்டாட்டம்.

மல்லிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடமும் தண்ணீரும் உள்ளவர்கள் அவசியம் வையுங்கள். ஆனால் மாடி வீட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கிடைப்பது கைப்பிடிச் சுவரும் அதன் மேல் அடிக்கும் வெயிலும்தான். அந்தச் சுவர் மேல் எந்தச் செடி தாங்கும்? இது தாங்கும். வீடு மாறினால் தொட்டியைத் தூக்கிக்கொண்டே போகலாம். தொட்டியைத் தூக்க முடியாவிட்டால் நாலு கிளையைக் கிள்ளிக்கொண்டு போனாலே போதும்.

அன்பு மிகுந்தால் அழுகும்

வளர்ப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில், கெடுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் தடவை ஒரு தொட்டி வாங்கி வந்தேன். அழகாகப் பூத்திருந்தது. வெயிலில் வாடுமே என்று நிழலில் வைத்தேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. மேலே கொஞ்சம் உரமும் போட்டேன். பூ நின்றது. கிளைகள் வெளிச்சத்தைத் தேடிக் கொடி மாதிரி நீண்டன. பத்து நாளில் அடித் தண்டு கறுத்துக் குழைந்து, கையில் எடுத்தால் கூழாக வந்தது. செடி விற்றவரைத் திட்டினேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கொன்றவன் நான்தான்.

இந்தச் செடி தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேமித்து வைத்திருக்கிறது. வேர் எப்போதும் ஈரத்தில் நின்றால் அழுகிப்போகும். மேல் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரற்கடை ஆழம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நாளைக்கு ஊற்றலாம். ஒரு நாள் தாமதித்ததால் இது சாகாது.

வெயில் முக்கியம். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் செடி உயிரோடு இருக்கும், பூக்காது.

மண் கெட்டியாக இருக்கக் கூடாது. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அரைப் பங்கு கலந்தால் போதும். களிமண் ஆகாது. தொட்டி என்று காசு கொடுத்து வாங்க வேண்டாம். உடைந்த பிளாஸ்டிக் குடம், பெயிண்டு டப்பா, பழைய வாளி எதுவும் ஆகும். வேர் ஆழமாகப் போகாது. ஆகையால் ஒரு சாண் உயரமே தாராளம். அடியில் நாலைந்து ஓட்டை மட்டும் அவசியம். ஓட்டை இல்லாத டப்பாவில் வைத்துவிட்டு என்மேல் வருத்தப்படாதீர்கள்.

தெரிந்தவர் வீட்டில் இரண்டு மூன்று அங்குல நீளத்தில் ஐந்தாறு நுனிக் கிளை கிள்ளிக்கொள்ளுங்கள். அடி இலைகளை உருவிவிடுங்கள். வெட்டு வாய் காய ஒரு நாள் நிழலில் போட்டு வையுங்கள். பிறகு மண்ணில் குத்தி வைத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். பிடித்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒரு கிளை போன இடத்தில் இரண்டு கிளை வரும். கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே கிளை கூடினால் பூ கூடும்.

விதையும் போடலாம். ஒற்றை அடுக்குப் பூ வாடியபின் அந்த இடத்தில் சிறு காய் வரும். முற்றியதும் டப்பா மூடி கழல்வதுபோல் அதன் மேல் பாதி கழன்று விழும். உள்ளே கசகசாவைப் போல் கருஞ்சாம்பல் விதைகள். அவற்றை மண் மேல் தூவினால் போதும். புதைக்கக் கூடாது. அடுக்குப் பூவில் மகரந்தக் காம்புகள் எல்லாம் இதழாகிவிடுவதால் பெரும்பாலும் விதை பிடிக்காது. அதற்குக் கிளைதான் வழி.

உரம் அதிகம் வேண்டாம். அதிகமானால் இலையாக வளரும், பூ குறையும். தண்டின் கணுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப் பூச்சி. கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மேலும் வந்தால் வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கலந்து, தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள்.

மூன்று நாலு மாதத்தில் செடியின் நடுப்பக்கம் மொட்டையாகும். தண்டு மட்டும் தெரியும். தயங்காமல் பாதிக்குக் கத்தரித்துவிடுங்கள். வெட்டியதைத் தூர எறிய வேண்டாம். அதுதான் அடுத்த தொட்டி.

ஒரு காலத்தில் மட்டும் இதற்குக் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அப்போது பல செடிகள் அழுகும். அதற்கு முன்பே ஒரு சிறு டப்பாவில் நாலு கிளை நட்டுத் தாழ்வாரத்தில் மழை படாமல் வைத்துவிடுங்கள். தை பிறந்ததும் அதிலிருந்து எல்லாத் தொட்டியையும் நிரப்பிவிடலாம். விதை நெல்லை எடுத்து வைக்கிறோமே, அந்த மாதிரி.

சிமெண்டுத் தரையும் புல் தரையும்

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

சொந்த வீடு கட்டியதும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? வாசலிலிருந்து சுற்றுச் சுவர் வரை ஓர் அங்குலம் மண் தெரியாமல் சிமெண்டு போடுகிறோம். கேட்டால், "புழுதி வருகிறது, சேறாகிறது, களை முளைக்கிறது" என்கிறோம். மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. தெருவிலிருந்து சாக்கடைக்கு ஓடுகிறது. பிறகு கிணறு வற்றிவிட்டது என்கிறோம். 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சர்க்கார் சட்டம் கொண்டு வந்தது. குழாய் வைத்தார்கள். சில வீடுகளில் அந்தக் குழாயில் இப்போது குப்பை அடைத்திருக்கிறது.

முழுவதும் மண்ணாக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சுவரை ஒட்டி ஒரு முழம் அகலம் விடுங்கள். அதில் பத்து மணிப் பூவை ஒரு சாணுக்கு ஒன்றாக நட்டுவிடுங்கள். இரண்டு மாதத்தில் ஜமக்காளம் விரித்தாற்போல் மூடிவிடும். மண் மூடிக்கொண்டால் புழுதி ஏது? களைக்குத்தான் இடம் ஏது?

வசதி உள்ளவர்கள் புல்தரை போடுகிறார்கள். பெரிய அலுவலகங்களின் வாசலிலும் போடுகிறார்கள். கோடையில் அதற்குக் குழாயைத் திறந்துவிட்டுத் தினமும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். "புல்லைத் தொடாதே" என்று பலகையும் வைக்கிறார்கள்! கால் வைக்கக் கூடாத புல்லுக்கு எதற்கு அத்தனை தண்ணீர்? அந்த இடத்தில் இந்தப் பூவை வைக்கட்டுமே.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புல் மிதித்தால் தாங்கும். இது தாங்காது. தண்டு முறிந்துவிடும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு இது சரிப்படாது. ஓரத்துக்கும் சரிவுக்கும் சுவர் மேலுக்கும்தான் சரி. ஆடு மாடு வரும் இடமானால் வேலி வேண்டும். வெயில் படாத சந்தில் வைத்துவிட்டுப் "பூக்கவில்லையே" என்றும் கேட்கக் கூடாது.

குழந்தைகளுக்குக் காட்டுங்கள்

பூ எதற்கு என்று மாமியார் கேட்டாரே, அதற்கு வருகிறேன்.

நம் ஊரில் பூ என்றால் ஒன்று தலைக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. இரண்டுக்கும் ஆகாத பூவை நாம் பூவாகவே நினைப்பதில்லை. பறிக்கும் பூவைத்தான் நமக்குத் தெரியும். இதுவோ செடியிலேயே இருந்தால்தான் பூ. பறித்தால் ஒன்றும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதனால் பெரிய லாபம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு மெல்லிய காம்புகள் நிற்கும். ஈர்க்குச்சியின் நுனியால் அதை ஒரு பக்கமாக மெல்லத் தடவச் சொல்லுங்கள். தடவிய பக்கம் பார்த்து அந்தக் காம்புகள் தாமாகச் சாயும்! தொட்டால் சுருங்கி மாதிரி இதுவும் தொட்டதை அறியும் பூ. தேனீ வந்து உட்கார்ந்தால் அதன் உடம்பில் தூளை அப்புவதற்கு இந்த ஏற்பாடு. பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும்.

நிறத்தையும் காட்டலாம். இந்தச் சிவப்பும் மஞ்சளும் பீட்ரூட்டில் இருக்கிற நிறத்தின் ஜாதி. சிவப்புத் தண்டுக் கீரையிலும் காகிதப் பூவிலும் சப்பாத்திக் கள்ளிப் பழத்திலும் இருப்பதும் அதே ஜாதிதான். செம்பருத்தியும் கத்தரிக்காயும் வேறு ஜாதி நிறம். இந்த இரண்டு ஜாதி நிறமும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. பீட்ரூட்டையும் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அடுத்த தடவை பீட்ரூட் பொரியலைப் பிள்ளை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாலும் சாப்பிடும். உறுதி சொல்ல மாட்டேன்.

படிப்பு இல்லாத பாட்டிக்கும் இது கடிகாரம். பூ விரிந்தால் வெயில் ஏறிவிட்டது, வற்றல் காயப் போடலாம். பூ மூடினால் வெயில் இறங்குகிறது, எடுத்துவிடலாம். மாமியார் அம்மாளுக்கு இது பிடிக்கும்.

விலை கொடுத்து வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது நிச்சயம் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் இதை மறைக்க முடியாது. கதவைத் தட்டி நாலு கிளை கேளுங்கள். பழைய பேப்பரில் சுற்றி எடுத்து வரலாம். இரண்டு நாள் மறந்து பையிலேயே கிடந்தாலும் பரவாயில்லை. உங்களிடம் ஒரு நிறம் இருந்து, அவரிடம் வேறு நிறம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மஞ்சள்தான் எங்கள் தெருவில் கிடைக்கவில்லை. சிவப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது.